நாலரை ஏக்கருக்கு எத்தனை குதிரைத்திறன்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டிராக்டர் மீதான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்த பிறகு, எங்கள் பக்கத்தில் மூன்று, நான்கு ஏக்கர் வைத்திருப்பவர்களும் சொந்த டிராக்டர் வாங்குவதைப் பற்றிப் பேசத் தொடங்கியிருக்கிறார்கள். விலை குறைந்தது நல்லதுதான். ஆனால் அந்தப் பேச்சில் நாற்பத்தைந்தா, ஐம்பதா என்ற கேள்விதான் எழுகிறதே தவிர, இருபதோ இருபத்தைந்தோ குதிரைத்திறன் போதுமா என்று யாரும் கேட்பதில்லை. அதைக் கேட்காமல் வாங்கி ஐந்து ஆண்டுகள் தவணை கட்டிச் சிரமப்பட்டவன் என்ற முறையில் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

தென்பெண்ணைப் பாசனத்தில் எனக்கு நாலரை ஏக்கர் நிலம் உண்டு. இரண்டரை ஏக்கரில் இரு போகம் நெல், ஓர் ஏக்கரில் கரும்பு, மீதியில் மணிலா (நிலக்கடலை). 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் ஒரு விவசாயியின் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. என்னுடையது அதைப்போல இரு மடங்குக்கும் மேல். அப்படியிருந்தும் நான் வாங்கிய 47 குதிரைத்திறன் டிராக்டருக்கு அந்த நிலத்தில் போதிய வேலை இருக்கவில்லை.

கணக்கை இப்போது எழுதிப் பார்த்தால் எவருக்கும் விளங்கும். நெல்லுக்குப் புழுதி உழவு, இரண்டு சேற்றுழவு, பரம்படிப்பு எல்லாம் சேர்த்து ஏக்கருக்கு நான்கு மணி நேரம் என்று வைத்தால், இரு போகத்துக்கும் இருபது மணி நேரம். கரும்புக்கும் மணிலாவுக்கும் பத்து, எரு அடிக்கவும் விளைச்சல் ஏற்றவும் இன்னும் இருபது என்று சேர்த்தாலும் ஆண்டுக்கு ஐம்பது மணி நேரத்தைத் தாண்டாது. பொறியாளர்கள் செலவுக் கணக்குப் போடும்போது டிராக்டருக்குப் பத்து ஆண்டு ஆயுள், ஆண்டுக்கு 1000 மணி நேர ஓட்டம் என்று வைத்துக்கொள்கிறார்கள். அதில் இருபதில் ஒரு பங்கு ஓடும் வண்டிக்கு முழு வட்டியையும் முழுக் காப்பீட்டையும் நாம் சுமக்கிறோம்.

மீதி நேரத்தில் வாடகைக்கு ஓட்டிக்கொள்ளலாம் என்றுதான் விற்பனையாளர் என்னிடம் சொன்னார், நானும் நம்பினேன். எங்கள் ஊரில் அப்போதே ஆறு டிராக்டர்கள் இருந்தன. ஒரே கால்வாயில் ஒரே வாரத்தில் தண்ணீர் வருவதால் எல்லா வயலும் ஒரே சமயத்தில் உழவு கேட்கின்றன. உழவு நடக்கும் பத்து நாள் கழிந்தால் ஆறு வண்டியும் சும்மா நிற்கின்றன. ஏழாவதாக என்னுடையதும் நின்றது. மேலும் அந்தப் பத்து நாளில் அடுத்தவர் வயலுக்கு ஓட்டினால் நம் வயல் காத்திருக்க வேண்டும் என்பதையும் முதல் போகத்திலேயே கண்டேன்.

பணத்தைவிட என்னை அதிகம் வருத்தியது மண்ணுக்கு நேர்ந்த கேடு. பெரிய டிராக்டரின் எடை ஏறத்தாழ இரண்டு டன். சுழலும் கத்திகளால் மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டரோடு ஈர வயலில் அது திரும்பத் திரும்ப ஓடியதில், முக்கால் அடி ஆழத்தில் மண்வெட்டி இறங்காத அளவுக்குக் கீழ்மண் இறுகிப்போனது. நெல் வயலில் ஓரளவு இறுக்கம் தண்ணீரைத் தாங்கி நிறுத்த உதவும் என்பது உண்மை. ஆனால் நெல்லுக்குப் பின் உளுந்தோ மணிலாவோ போடுபவருக்கு அதே இறுக்கம் வேரைத் தடுத்து, மழை பெய்தால் தண்ணீரைத் தேக்கி, செடியை மஞ்சளாக்கிவிடுகிறது. மணிலா பிடுங்கும்போது காய் மண்ணிலேயே அறுந்து நின்றதை மூன்று பருவம் பார்த்தேன். பிறகு, ஆழத்தில் கீறும் உளிக்கலப்பையை வாடகைக்குப் பிடித்துத்தான் அந்த இறுகிய மண் அடுக்கை உடைக்க வேண்டியிருந்தது.

அளவு பற்றிய அறிவுரைகளில் பொதுவாக, நம்மிடம் உள்ள மிகக் கடினமான வேலைக்கு ஏற்ற டிராக்டரை வாங்கு என்பார்கள். சிறு நிலத்துக்கு அது பொருந்தாது என்பது என் கருத்து. சட்டிக் கலப்பையும் உளிக்கலப்பையும் நாற்பதுக்கு மேற்பட்ட திறனைக் கேட்பவைதான். ஆனால் உளிக்கலப்பை இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை, அதுவும் சில மணி நேரமே தேவைப்படுகிறது. அதை வேளாண்மைப் பொறியியல் துறையிடம் இ-வாடகை செயலி வழியாகவோ, ஊரில் உள்ள பெரிய வண்டிக்காரரிடமோ வாடகைக்குப் பெறலாம். களையெடுப்பு, மண் அணைப்பு, மருந்து தெளிப்பு, எரு அடிப்பு ஆகியவை அப்படியல்ல. ஈரம் பார்த்து, வெயில் பார்த்து, நினைத்த அன்று செய்ய வேண்டியவை. இந்த வேலைகளுக்கு வாடகை வண்டி உரிய நாளில் வருவதில்லை. சொந்த டிராக்டரின் அளவை இவற்றைக் கொண்டு தீர்மானிப்பதே சரி.

இதற்கு முதலில் நாடாவை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போக வேண்டும். கரும்புப் பார் நான்கடி இடைவெளியில் இருந்தால், ஐந்தரை அடி அகலமுள்ள பெரிய டிராக்டர் நட்ட பிறகு உள்ளே நுழையவே முடியாது. மூன்றடி அகலத்துக்குள் அடங்கும் சிறிய வண்டி, பயிர் வண்டியின் உயரத்தைத் தாண்டும் வரை மண் அணைக்கும். தென்னையை இருபத்தைந்தடி இடைவெளியில் வைத்தவருக்கு இந்தக் கவலை குறைவு. வண்டிப்பாதையின் அகலம், வாய்க்கால் மேல் போட்டிருக்கும் பலகைக்கல் தாங்கும் எடை, வயலின் கடைசியில் திரும்ப எவ்வளவு இடம் விடுகிறோம் என்பவற்றையும் அளக்க வேண்டும். அரை ஏக்கர் துண்டுகளில் பெரிய வண்டி திரும்புவதிலேயே நேரமும் டீசலும் போகின்றன. மூலைகளை மண்வெட்டியால்தான் கொத்த வேண்டியிருக்கிறது.

அடுத்தது, எந்தக் குதிரைத்திறனைப் பார்க்கிறோம் என்பது. விளம்பரத்தில் வருவது இயந்திரத்தின் திறன். ரோட்டவேட்டரைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டில் கிடைப்பது அதில் ஏறத்தாழ 85 சதவீதமே. நான்கடி ரோட்டவேட்டருக்கு இருபத்தைந்தை ஒட்டிய வண்டியும், ஐந்தடிக்கு முப்பத்தைந்துக்கு மேற்பட்டதும் வேண்டும் என்பது எங்கள் அனுபவம். களிமண்ணானால் இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள்ள வேண்டும். ரோட்டவேட்டர் பின்சக்கரங்களின் வெளி விளிம்பையாவது மூட வேண்டும். இல்லாவிட்டால் டயர் மிதித்த தடம் உழப்படாமல் நிற்கும்.

சிறியதே எப்போதும் நல்லது என்றும் நான் சொல்லவில்லை. எடை குறைந்த வண்டி காய்ந்த செம்மண்ணில் கலப்பையை இழுக்க முடியாமல் சக்கரம் சுழன்று நிற்கும். நான்கு சக்கர இயக்கம் இருந்தால் அந்தக் குறை பெருமளவு தீர்கிறது. ஆனால் கரும்பு ஏற்றிய டிரெய்லரைச் சிறிய வண்டியில் மாட்டிச் சாலையில் போவது உயிருக்கே ஆபத்து. மேட்டில் முன்சக்கரம் தூக்கும். பள்ளத்தில் டிரெய்லர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும். ஆலைக்குக் கரும்பு ஏற்றுவது முக்கிய வேலை என்பவர் பெரியதைத்தான் வாங்க வேண்டும். இரண்டு ஏக்கருக்குள் இருப்பவருக்குப் பவர் டில்லரோ களையெடுக்கும் கருவியோ போதும் என்றே நினைக்கிறேன்.

பெரிய வண்டியை விற்றுவிட்டு, நான்கு சக்கர இயக்கமுள்ள பழைய 24 குதிரைத்திறன் வண்டி ஒன்றை வாங்கி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. மணிக்கு நாலரை லிட்டர் குடித்த இடத்தில் இப்போது இரண்டரை லிட்டருக்குள் முடிகிறது. ஓர் ஏக்கர் சேற்றுழவுக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம் ஆகிறது. நாலரை ஏக்கரில் அது ஒரு பொருட்டே அல்ல. கரும்பில் மண் அணைக்க ஆள் தேடி அலைவது நின்றுவிட்டது.

மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் உள்ள மத்திய அரசு நிலையத்தில் டிராக்டர்கள் சோதிக்கப்படுகின்றன. அந்த அறிக்கைகளில் பி.டி.ஓ. திறன், இழுவிசை, எடை, டீசல் செலவு எல்லாம் அளந்து எழுதப்பட்டிருக்கின்றன. எங்கள் ஊரில் டிராக்டர் வாங்கியவர்களில் ஒருவர்கூட அதைப் பார்த்ததில்லை. முன்பணம் வாங்குவதற்கு முன் அந்த அறிக்கையின் சுருக்கத்தைத் தமிழில் கொடுப்பதையும், வாங்குபவரின் சொந்த வயலில் ஒரு மணி நேரம் ஓட்டிக் காட்டுவதையும் விற்பனையாளர்களுக்குக் கட்டாயமாக்க வேண்டும் என்று அரசைக் கேட்டுக்கொள்கிறேன். அதுவரை, இருபது முதல் முப்பது குதிரைத்திறன் வரையுள்ள வண்டிகளின் சோதனை விவரங்களைத் தங்கள் வேளாண் பக்கத்தில் வாரம் ஒன்றாக வெளியிட்டால், இந்தப் பருவத்தில் வாங்க இருப்பவர்களுக்குப் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தென்பெண்ணைப் பாசன விவசாயி ஒருவர்,
விழுப்புரம் மாவட்டம்.