வண்டி இருக்கட்டும், கழிவு எங்கே போகும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டையே வண்டியில் வைத்துக்கொண்டு சுற்றுலா போவது பற்றித் தங்கள் ஞாயிறு மலரில் வந்த கட்டுரையை, அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஹூஸ்டன் பக்கம் மகள் வீட்டில் இருந்தபடி படித்தேன். படுக்கை, அடுப்பு, ஏ.சி., பொம்மை வீட்டுக் கழிவறை என்று படங்கள் எல்லாம் அழகு. ஆனால் அந்தக் கழிவறையில் போவது கடைசியில் எங்கே போகிறது என்று கட்டுரையில் ஒரு வரி இல்லை. கழிவுநீர் பம்பிங் ஸ்டேஷனில் 31 ஆண்டு வேலை பார்த்தவன் நான். எந்த ஊருக்குப் போனாலும் என் கண் முதலில் தேடுவது அதைத்தான். வியாதி என்பாள் என் மனைவி.

போன நவம்பரில் அப்படி ஒரு வண்டியில் மூன்று இரவு தங்கினோம். ஹூஸ்டனுக்குத் தென்மேற்கே, நீட்வில் என்ற சிற்றூர்ப் பக்கம், பிரேசோஸ் பெண்ட் மாநிலப் பூங்கா. ஆற்றை ஒட்டிச் சுமார் 5,000 ஏக்கர் காடும் ஏரியும். 1984இல் மக்களுக்குத் திறந்தார்களாம். மகள் வீடு ஹூஸ்டனின் புறநகரான சுகர்லேண்டில். காரில் முக்கால் மணி நேரத்தில் போய்விடலாம். 26 அடி டிரெய்லரை இழுத்துக்கொண்டு போனதால் எங்களுக்கு ஒன்றேகால் மணி ஆயிற்று.

டிரெய்லர் வாடகைக்கு எடுத்தது. சொந்தமாக வாங்கினால் நிறுத்த இடம் வேண்டும். இந்தப் பக்கத்துக் குடியிருப்புச் சங்கங்கள் பல, வீட்டு வாசலில் டிரெய்லர் நிற்க விடுவதில்லை. மாதா மாதம் எங்கோ ஒரு கொட்டகைக்கு வாடகை கட்ட வேண்டும். அதை இழுக்கப் பெரிய பிக்கப் டிரக், அது குடிக்கும் பெட்ரோல் தனி. ஓட்டல் செலவு மிச்சம் என்று கட்டுரையாளர் போட்ட கணக்கில் இதையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இடம் பிடிப்பது அதைவிடப் பெரிய பாடு. டெக்சாஸ் மாநிலப் பூங்காக்களில் இரவு தங்க ஐந்து மாதம் முன்னாலேயே பதிவு செய்யலாம். பெரிய நகரம் பக்கத்தில் இருப்பதால் சனி, ஞாயிறு எல்லாம் முன்னாலேயே போய்விடுகிறது. நவம்பரில் வரும் நன்றி நவிலல் (தேங்க்ஸ்கிவிங்) விடுமுறை வாரத்துக்காக மாப்பிள்ளை ஜூன் மாதமே அலாரம் வைத்து எழுந்து உட்கார்ந்திருந்தார், நாம் தட்கலுக்கு உட்காருவது போல. வார நாள்களில் கூட்டம் குறைவு. என்னைப் போல ஓய்வு பெற்றவர்களுக்கு அதுதான் தோது.

எங்களுக்குக் கிடைத்த இடத்தில் தண்ணீர்க் குழாயும் மின்சாரமும் மட்டும். மின்சாரம் 30 ஆம்ப், 120 வோல்ட். பெருக்கினால் 3,600 வாட். வெயில் ஏறிய ஒரு மத்தியானம் ஏ.சி. ஓடிக்கொண்டிருக்கும்போதே சோற்றுக் குக்கரையும் மைக்ரோவேவையும் ஒன்றாகப் போட்டோம். டப்பென்று எல்லாம் நின்றது. அதன் பிறகு மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஏ.சி. கிடையாது. இட்லி மட்டும் கேஸ் அடுப்பில், எந்தச் சண்டையும் இல்லாமல் வெந்தது.

இனி நான் சொல்ல வந்தது. வண்டிக்கு அடியில் இரண்டு தொட்டி. கழிவறைக்கு ஒன்று, அதை ‘பிளாக் டேங்க்’ என்கிறார்கள். குளிக்கிற, பாத்திரம் கழுவுகிற தண்ணீருக்கு இன்னொன்று, ‘கிரே டேங்க்’. எங்கள் வண்டியில் ஒவ்வொன்றும் சுமார் 150 லிட்டர். ஆறு பேர் மூன்று நாள் இருந்தால் அது எவ்வளவு என்று நீங்களே பாருங்கள். புறப்படும் நாளன்று பூங்காவிலேயே இருக்கிற ‘டம்ப் ஸ்டேஷ’னுக்குப் போனோம். சரிவாகப் போட்ட ஒரு கான்கிரீட் தளம், நடுவில் மூடி போட்ட ஒரு குழி, பக்கத்தில் கழுவிவிட ஒரு குழாய், இந்தத் தண்ணீரைக் குடிக்காதே என்று ஒரு பலகை. அவ்வளவுதான். கையுறை போட்டு, மூன்று அங்குலக் குழாயை மாட்டி, முதலில் பிளாக் டேங்க் வால்வை இழுக்க வேண்டும். அது காலியான பிறகு கிரே டேங்க். அந்தச் சோப்புத் தண்ணீர் குழாயையும் கழுவிக்கொண்டு போய்விடும். இந்த முறையை யார் யோசித்தாரோ, அவரும் என் சாதி ஆள்தான். அதாவது பம்பிங் ஸ்டேஷன் சாதி. கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. எங்களுக்குப் பின்னால் நாலு வண்டி நின்றது, ஒருவர் ஹாரன் அடிக்கவில்லை.

ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பக்கத்தில் ஒருவர் வண்டியைச் சாக்கடைக் குழாயோடு நேராக இணைத்து, பிளாக் டேங்க் வால்வை நாள் முழுக்கத் திறந்தே வைத்திருந்தார். அப்படிச் செய்தால் தண்ணீர் ஓடிவிடும், கெட்டியானது அடியில் தங்கிக் கோபுரமாகக் குவியும். தொட்டி நிறைய விட்டு ஒரே வீச்சில் திறந்தால்தான் எல்லாம் போகும். “மாமா, முன்பின் தெரியாதவரிடம் இதைப் போய் எப்படிச் சொல்வீர்கள்?” என்று மாப்பிள்ளை தடுத்தார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொல்லிவிட்டேன். மனிதர் சிரித்துக்கொண்டே வால்வை மூடினார். மாலையில் ஒரு பை நிறைய பீக்கன் கொட்டை கொண்டுவந்து கொடுத்தார்.

பூங்காவைப் பார்த்துக்கொள்பவர்களில் ‘பார்க் ஹோஸ்ட்’ என்று சிலர். தங்கள் வண்டியோடு வந்து மாதக்கணக்கில் தங்குகிறார்கள். இடத்துக்கு வாடகை இல்லை, பதிலுக்கு வேலை. என் வயதுக்கார அம்மா ஒருவர் தினமும் காலையில் பொதுக் கழிவறையைத் தானே கழுவினார். பணிக்காலத்தில் ஆசிரியையாம். நம் ஊரில் இந்த வேலையை யார் தலையில் கட்டியிருக்கிறோம் என்று எனக்குத் தெரியும். அன்று அந்த அம்மாவைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றிருந்தேன்.

பணம் எங்கிருந்து வருகிறது என்றும் விசாரித்தேன். மோட்டார் எரிந்தால் மாற்றக் காசில்லாமல் கோப்பு எழுதிக்கொண்டிருந்தவன் அல்லவா. விளையாட்டுப் பொருள் விற்பனை வரியை மாநிலப் பூங்காக்களுக்கும் வரலாற்றுச் சின்னங்களுக்கும் என்றே ஒதுக்க 2019இல் வாக்கெடுப்பு நடத்தியிருக்கிறார்கள். நூற்றுக்கு 88 பேர் சரி என்றார்களாம். புதுப் பூங்காக்களுக்கு நிலம் வாங்க 2023இல் நூறு கோடி டாலருக்கு இன்னொரு வாக்கெடுப்பு, அதுவும் ஜெயித்தது. நம் நாட்டில் இந்த வண்டிகளைக் கொண்டுவர ஆசைப்படுகிறவர்கள் வண்டிக்கு மானியம் கேட்பதற்கு முன்னால், அந்த டம்ப் ஸ்டேஷன் குழியும் அதற்குப் பின்னால் ஒரு சுத்திகரிப்பு ஏற்பாடும் எந்தெந்த ஊரில் அமையும் என்று பட்டியல் போடட்டும். இல்லையென்றால் இரவோடு இரவாக எந்த ஏரியில் திறந்துவிடுவார்கள் என்பது எனக்குத் தெரியும், அப்படித் திறந்துவிட்ட கழிவுநீர் லாரிகளைப் பிடித்தவன் நான்.

பறவைகளைப் பற்றி எழுத ஆரம்பித்தால் தங்கள் பக்கம் போதாது. வேடந்தாங்கலில் பார்த்த கரண்டிவாயன், அரிவாள் மூக்கனின் சொந்தக்காரர்கள் இங்கே ரோஜா நிறத்திலும் வெள்ளை நிறத்திலும் நிற்கிறார்கள். நடைபாதை ஓரத்திலேயே முதலை வெயில் காய்கிறது. 30 அடி தள்ளி நில், சீறினால் நீ மிக அருகில் வந்துவிட்டாய் என்று பலகை. பேரன் அடியெண்ணி அளந்து நின்றான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பம்ப் ஆபரேட்டர், தாம்பரம் (தற்போது சுகர்லேண்ட்)

பி.கு.: சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்க வேண்டும் என்றாள் மனைவி. வண்டி வெந்நீர் 22 லிட்டர்தான், சீயக்காய் வண்டல் கிரே டேங்கில் போய் அடைக்கும், கூடவே கூடாது என்றேன். பூங்காவின் பொதுக் குளியலறையில் தாராளமாகக் குளித்துவிட்டு, தலையில் துண்டோடு வந்து, “அந்தக் குழாயும் எங்கேயோதானே போகும்?” என்றாள்.