எந்தத் தெரு எந்த ஸ்டேஷன்?

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் பகுதிக்குப் புதிய காவல் நிலையம் திறந்தாயிற்று. ரிப்பன் வெட்டியது, மரக்கன்று நட்டது எல்லாம் படத்தோடு பத்திரிகைகளில் வந்துவிட்டன. எந்தெந்தத் தெரு இந்த நிலையத்தைச் சேர்ந்தது என்பது மட்டும் எதிலும் வரவில்லை.

நான் ஓசூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். இப்போதெல்லாம் ஜெராக்ஸைவிடப் புகார் மனு எழுதிக் கொடுக்கும் வேலைதான் அதிகம். சிப்காட்டில் வேலை செய்யும் ஒடிசா, பீகார்ப் பையன்களுக்குத் தமிழ் எழுத வராது. உள்ளூரிலேயே வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள் நிறைய. அவர்கள் சொல்லச் சொல்ல எழுதுவேன். 'பெறுநர், காவல் ஆய்வாளர் அவர்கள்' என்பது வரை சிக்கல் இல்லை. அடுத்த வரியில் எந்த நிலையம் என்று போடுவதில்தான் பேனா நின்றுவிடும். ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு ஸ்டேஷன், அந்தப் பக்கம் வேறு ஸ்டேஷன். மாறிப் போனால் "இது எங்க லிமிட் இல்லம்மா" என்பார்கள். அங்கே போனால், "சம்பவம் பாலத்துக்கு முன்னாடியா, தாண்டியா?" போனைத் திருட்டுக் கொடுத்துவிட்டு, நைட் ஷிப்ட் முடித்து வந்த பையன் இரண்டாவது ஸ்டேஷனோடு வெறுத்துப்போய், செகண்ட் ஹேண்ட் போன் வாங்கக் கிளம்பிவிடுவான். திருடியவனுக்கு அன்றைக்கு நல்ல நாள்.

மாநில எல்லையில் இருப்பதால் எங்களுக்கு இன்னொரு தலைவலியும் உண்டு. கர்நாடகப் பக்கம் இருக்கும் அத்திப்பள்ளியில் பஸ் ஏறிய ஒரு அம்மா, நம் பக்கத்து ஜூஜூவாடி தாண்டிப் பையைத் திறந்தால் உள்ளே வைத்திருந்த சங்கிலி இல்லை. கர்நாடகத்தில் போனதா, தமிழ்நாட்டில் போனதா? திருடனைத்தான் கேட்க வேண்டும்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-வது பிரிவில் இதற்கு வழி இருக்கிறது. போலீஸ் நேரடியாக வழக்குப் பதியக்கூடிய திருட்டு, பறிப்பு போன்ற குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும், புகார் வந்த நிலையத்திலேயே பதிய வேண்டும். ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்கிறார்களே, அதுதான். பதிந்த பிறகு உரிய நிலையத்துக்கு மாற்றி அனுப்புவது போலீஸின் வேலை. புகார்தாரர் ஆட்டோ பிடித்து அலைய வேண்டியதில்லை. எஃப்.ஐ.ஆர். நகலையும் இலவசமாகத் தர வேண்டும். பதிய மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம். இது என் கடைக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது.

ஓசூர் 2019-ல் மாநகராட்சி ஆன ஊர். கம்பெனிகளும் வாடகை ரூம்களும் பெருகிக்கொண்டே போகின்றன. இருக்கிற போலீஸ்காரர்கள் பந்தோபஸ்து, டிராபிக், கோர்ட் என்று ஓடுவதையும் பார்க்கிறோம். ஆகவே புது நிலையம் தேவைதான், அதில் குறை சொல்ல எதுவும் இல்லை.

நான் கேட்பது பெரிய செலவுள்ள காரியமும் இல்லை. நிலைய வாசலில், தெருப் பெயர்களோடு எல்லை காட்டும் போர்டு ஒன்று வையுங்கள். தமிழோடு தெலுங்கு, கன்னடம், இந்தியிலும் எழுதுங்கள். எல்லை எதுவானாலும் இங்கே புகார் வாங்கப்படும் என்பதை அதிலேயே பெரிய எழுத்தில் போடுங்கள். மனு வாங்கினால் அன்றைக்கே, புகார் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கொடுங்கள், டூப்ளிகேட் சிம் வாங்கப் போனால் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள்.

தெருப் பட்டியலில் ஒரு பிரதி எனக்குத் தந்தால், கேட்கிறவர்களுக்கெல்லாம் நகல் எடுத்துக் கொடுக்கிறேன். காசு வாங்க மாட்டேன்.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடை நடத்தும் வாசகி,
ஓசூர், கிருஷ்ணகிரி மாவட்டம்.