சம்பளமும் விடுப்பும்: உறுப்பினர்களின் கவனத்திற்கு

அனைவருக்கும் வணக்கம்.

பொள்ளாச்சியில் தென்னைநார் ஆலையும் எல்லைக்கு அப்பால் கேரளத்தின் மீனாட்சிபுரத்தில் கிட்டங்கியும் நடத்தும் உறுப்பினர்கள், தொழிலாளி எந்த ஊர்க்காரர் என்பதை அல்ல, எந்த மாநிலத்தில் வேலை செய்கிறார் என்பதைப் பார்த்தே குறைந்தபட்ச ஊதியத்தையும் பண்டிகை விடுமுறையையும் கணக்கிட வேண்டும். தமிழகத்தில் குறைந்தபட்ச ஊதியத்துக்கான அகவிலைப்படி ஆண்டுதோறும் ஏப்ரல் 1 முதல் மாறுகிறது; கேரள அறிவிப்பைத் தனியே பார்க்க வேண்டும்.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துள்ளன. அகவிலைப்படி தவிர்த்த படிகள் மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகையும் ஊதியமாகவே கொள்ளப்படும் என்பதால், அடிப்படைச் சம்பளம் 8,000, படிகள் 12,000 என்று சீட்டு எழுதுபவர் பணிக்கொடையை (கிராஜுவிட்டி) 10,000 ரூபாயை வைத்தே கணக்கிட வேண்டும். வேலையை விட்டுச் செல்பவருக்கு இரண்டு வேலை நாள்களுக்குள் பாக்கிச் சம்பளம் முழுவதையும் கொடுத்துவிட வேண்டும்.

சம்பளத்துடன் கூடிய ஆண்டு விடுப்புக்கு முன்பு ஆலைகளில் 240 நாள் வேலை தேவைப்பட்டது; இப்போது 180 நாளே போதும், 20 நாளுக்கு ஒரு நாள் விடுப்பு. ஆண்டில் சில மாதம் சொந்த ஊருக்குப் போய்விடும் தொழிலாளர்களுக்கும் இதனால் உரிமை கிடைக்கிறது. அவர்கள் கேட்கும் வரை காத்திராமல் வருகைப் பதிவேட்டைப் பார்த்து நாமே வரவு வைப்பதுதான் நியாயம்.

இந்தத் தொகுப்புகளுக்கான மாநில விதிகள் பற்றிய அரசிதழ் அறிவிப்பு கிடைத்தால் முழுப் படியையும் இங்கே பதிவிடுங்கள்; கேள்விப்பட்டதை மட்டும் பகிர வேண்டாம்.