கணவர் வரவில்லையா?

பெரம்பூர், சென்னை

அன்புள்ள விமலா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. பதில் எழுத உட்காரும்போதெல்லாம் முழங்காலோ, மின்வெட்டோ, பேரனோ எழுப்பிவிட்டார்கள். கத்திரி முடிந்தும் வெயில் இறங்கவில்லை. மெட்ரோவுக்குத் தோண்டுகிற தூசியில் ஜன்னலைத் திறக்க முடியவில்லை. நீ கொடுத்தனுப்பிய எலுமிச்சை ஊறுகாயை மருமகள் ஒளித்து வைக்கிறாள், நான் கண்டுபிடித்துவிடுகிறேன்.

பெண் கருவை அழிப்பதைத் தடுக்க, கருக்கலைப்பு மாத்திரை விற்கும் கடைகளில் கெடுபிடி செய்வது நல்லதுதான் என்று எழுதியிருந்தாய். பெண் சிசுவைக் கொல்லாமல் தொட்டிலில் விட்டுப் போகச் சொல்லி 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தபோது சேலத்தில் அந்தத் தொட்டில்களின் பக்கத்திலேயே நின்றவள் நீ. உனக்கு அந்தப் பயம் இருக்கும், எனக்குப் புரிகிறது. ஆனால் இந்த மாதம் நான் பார்த்ததைக் கேட்டுவிட்டுச் சொல்.

எங்கள் தெருக்கோடியில் தையல் கடை வைத்திருக்கும் பெண் ஒருத்தி. பெயர் எழுத மாட்டேன், நர்ஸ் வேலையில் ஓய்வு பெற்றும் நமக்கு அந்தப் பழக்கம் போகவில்லையே. இரண்டு குழந்தைகள். கணவர் திருப்பூரில் வேலை, நினைத்தால் வருவார், நினைத்தால் போனை அணைத்துவிடுவார். ஒரு மத்தியானம் வந்து, "சிஸ்டரம்மா, நாள் தள்ளிப்போய்விட்டது" என்றாள். கணக்குப் பார்த்தால் ஏழு வாரம். அந்த வாரமே டாக்டரிடம் காட்டி மாத்திரை எழுதி வாங்கினோம். பெரம்பூரிலும் அயனாவரத்திலும் ஐந்து மருந்துக் கடை ஏறி இறங்கினேன். "அதை வைப்பதே இல்லை அம்மா, வைத்தால் ஒவ்வொன்றுக்கும் கணக்குக் கேட்கிறார்கள்" என்றார்கள். ஒருவர் மட்டும் சீட்டைப் பார்க்காமலே, சாயங்காலம் வாருங்கள் என்று விலையைக் குரல் தாழ்த்திச் சொன்னார். கெடுபிடியால் யாருக்கு லாபம் என்று அப்போது தெரிந்தது.

இந்த மாத்திரை ஒன்பது வாரம் வரைக்கும்தான். ஒன்பது வாரத்தில் ஸ்கேனில் ஆணா பெண்ணா என்று யார் சொல்ல முடியும், விமலா? பாலினம் பார்த்து அழிப்பதைத் தடுக்க 1994-ல் ஒரு சட்டம் வந்தது. அது ஸ்கேன் அறைக்கு வந்த சட்டம். 1971-ல் வந்த கருக்கலைப்புச் சட்டம் பெண்ணின் உயிரைக் காக்க வந்தது. நாம் பயிற்சிக்குச் சேர்ந்தபோது அது வந்து பத்து வருடமும் ஆகவில்லை. கருவைக் கலைக்க எருக்கங்குச்சி வைத்துச் சீழ் பிடித்து வந்து சேர்ந்தவர்களை நாம் இரண்டு பேரும்தானே கழுவித் துடைத்தோம்? இரண்டு சட்டத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டு, 1994 சட்டத்தின் பயத்தை 1971 சட்டத்தின் தலையில் ஏற்றிவிட்டார்கள். டாக்டர் பார்க்காமல் மாத்திரை விழுங்குவது ஆபத்து என்கிறாயே, அது சரி. கரு கருப்பைக்குள் இல்லாமல் குழாயில் தங்கியிருந்தால் உயிர் போய்விடும். ஆனால் டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டுக்கும் மருந்து இல்லை என்றால் என்ன செய்வது?

பிறகு ஒரு தனியார் மருத்துவமனை. அங்கே டாக்டரைப் பார்ப்பதற்கு முன்னாலேயே கவுன்டரில் கேட்டார்கள்: "கணவர் வரவில்லையா? அவர் கையெழுத்து வேண்டும்." பதினெட்டு வயது முடிந்த பெண்ணுக்கு அவள் கையெழுத்து மட்டும் போதும் என்று சொன்னேன். சட்டத்தோடு வருகிற ஒப்புதல் படிவத்தில் கணவர் கையெழுத்துக்கு இடமே கிடையாது. அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, "இது எங்கள் ரூல்" என்றாள்.

அடுத்தது ஓர் அரசு மருத்துவமனை. அங்கே வேறு பாட்டு. இரண்டு குழந்தை இருக்கிறதே, குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்குச் சம்மதித்தால் சேர்த்துச் செய்கிறோம் என்றார்கள். இவளுக்கோ பள்ளிச் சீருடை தைக்கிற காலம், வருடத்தில் நாலு காசு பார்ப்பதே அப்போதுதான். யோசித்துச் சொல்கிறேன் என்றாள். யோசித்துவிட்டு வா என்று அனுப்பிவிட்டார்கள். அதற்குள் ஒன்பதாவது வாரம் தாண்டிவிட்டது.

2021-ல் அந்த 1971 சட்டத்தைத் திருத்தினார்கள் அல்லவா? அதுவரை பன்னிரண்டு வாரத்துக்கு மேல் போனால் இரண்டு டாக்டர்கள் ஒப்ப வேண்டும், இப்போது இருபது வாரம் வரை ஒருவர் போதும். பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள் போன்ற சிலருக்கு 24 வாரம் வரை. 'மணமான பெண், கணவர்' என்று இருந்த இடத்தில் 'பெண், அவரது இணையர்' என்று மாற்றினார்கள். 2022-ல் மணமாகாதவர்களுக்கும் அந்த 24 வாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பத்திரிகைகளில் 24 என்பதுதான் கொட்டை எழுத்தில் வந்தது. இவளுக்கு ஏழாவது வாரத்திலேயே கதவு மூடியிருந்தது.

டாக்டர்களை மட்டும் திட்டிப் பயனில்லை. பெண்ணுக்கு உரிமை கொடுத்த சட்டம் என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். உட்கார்ந்து படித்தால், கலைப்பது குற்றம் என்பது தண்டனைச் சட்டத்தில் அப்படியே இருக்கிறது, இன்ன இன்ன காரணம் இருந்தால் டாக்டருக்கு விலக்கு, அவ்வளவுதான். காரணம் இருக்கிறதா என்று முடிவு செய்வதும் டாக்டர். நாளைக்குக் கணவர் வந்து சண்டை போட்டால் என்ன செய்வது என்கிற பயத்தில்தான் ஒரு கையெழுத்தைக் கூடுதலாகக் கேட்கிறார்கள். பதினெட்டு வயது நிரம்பாத பெண் என்றால் போலீஸ் பயமும் சேர்ந்துகொள்கிறது, வாசலிலேயே திருப்பிவிடுகிறார்கள்.

ஆனால் நான் யார் இதைச் சொல்ல? உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது. தொண்ணூறுகளில் அந்த மேசையில் நான்தான் உட்கார்ந்திருந்தேன். 'கணவர் கையொப்பம்' என்று ரப்பர் ஸ்டாம்ப் செய்து வைத்திருந்தோம். எந்த அரசாணையும் சொல்லவில்லை, யாரோ ஆரம்பித்தார்கள், நான் பதினோரு வருடம் குத்தினேன். ஒருத்தி தான் வந்த ஆட்டோவை ஓட்டியவரையே கணவராகக் கூட்டி வந்தாள். மனைவி பெயர் என்ன என்று கேட்டேன். அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு கையெழுத்து வாங்கிவிட்டேன். அதைப் பெருந்தன்மை என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்! ஆள் பிடித்துவர முடியாமல் திரும்பிப் போனவர்கள் எத்தனை பேரோ, அவர்கள் முகம் ஒன்றுகூட நினைவில் இல்லை.

கடைசியில் இன்னொரு மருத்துவமனையில், பத்தரை வாரத்தில், ஒரு சின்ன வயது டாக்டர் ஒப்புக்கொண்டார். படிவத்தை நேராக இவள் பக்கம் தள்ளி, "நீங்கள் போட்டால் போதும். நாங்கள் யாரிடமும் சொல்லக் கூடாது, சொல்லவும் மாட்டோம்" என்றார். கருத்தடைக்குக் காப்பர்-டி வேண்டுமா என்று ஒரு தடவைதான் கேட்டார். இப்போது வேண்டாம் என்றதும் விட்டுவிட்டார். மாத்திரையில் முடிந்திருக்க வேண்டியது உறிஞ்சி எடுப்பதில் முடிந்தது. சாயங்காலம் ஆட்டோவில் வீட்டுக்கு வந்தோம். மூன்றாம் நாள் தையல் மிஷின் சத்தம் கேட்டது. படுத்துக்கொள் என்று நான் கத்தியது எடுபடவில்லை.

உன் அக்கா பேத்தி டாக்டருக்குப் படிக்கிறாளே, அவர்களுக்கு இந்தப் படிவத்தைக் காட்டியாவது சொல்லித் தருகிறார்களா என்று கேட்டு எழுது. நமக்கு யாரும் காட்டவில்லை.

ஆவணியில் வருவதாகச் சொன்னாய். எழும்பூரில் இறங்கினால் மகனை அனுப்புகிறேன், நீயாக ஆட்டோ பிடிக்காதே. ஊறுகாய் இன்னொரு பாட்டில் கொண்டு வா. மருமகளுக்குத் தெரியாமல்.

அன்புடன்,
லீலா