ஃபைனல் டிக்கெட் வேண்டாம், கண்ணா

பெரம்பூர்,
4.1.2026, ஞாயிறு இரவு.

அன்பு மகன் கார்த்திக்குக்கு,

அப்பா எழுதுவது. நேற்று வீடியோ காலில் நீ விஷயத்தைச் சொன்னதும் எனக்கு வாயில் வார்த்தையே வரவில்லை. நீ அவ்வளவு சந்தோஷமாக இருந்தாய். அதனால்தான் "சரி, பார்க்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு அம்மாவிடம் போனைக் கொடுத்தேன். மறுபடி போனில் பேசினால் நீ நடுவில் புகுந்து என்னைச் சமாதானப்படுத்திவிடுவாய். எனவே காகிதத்தில் எழுதி, போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். எழுத்து புரியாவிட்டால் பெரிதாக்கிப் பார்த்துக்கொள்.

ஜூலை 19, அமெரிக்காவில் உன் நியூ ஜெர்சியின் மெட்லைஃப் மைதானம், ஃபுட்பால் உலகக் கோப்பை இறுதிப் போட்டி. உனக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று இரண்டு டிக்கெட்டுக்குக் குலுக்கலில் பெயர் கொடுத்திருக்கிறேன் என்றாய். பெயர் விழுந்தால் கார்டிலிருந்து பணத்தைத் தானாகவே எடுத்துக்கொள்வார்கள் என்றும் சொன்னாய். அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

விடிந்ததும் பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். நீ கேட்டிருக்கும் மூன்றாம் பிரிவு, ஒரு டிக்கெட் 4,185 டாலர். டாலருக்கு 90 ரூபாய் என்று வைத்தால் 3,76,650. இரண்டு பேருக்கு 7,53,300. பெருக்கியதில் தப்பு வந்துவிட்டதோ என்று இரண்டாம் தடவையும் போட்டேன். அம்மா தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, "என்னங்க, மாடில ரூம் எடுக்க எஸ்டிமேட்டா?" என்று கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். என் விசாக் கட்டணம் 185 டாலரும் விமானச் செலவும் இந்தக் கணக்கில் இல்லை. உன் படிப்புக் கடனில் பாக்கி நிற்பது ஆறு லட்சத்துச் சொச்சம். ஒரு மத்தியானத்து ஆட்டம், நீ மாதாமாதம் வயிற்றைக் கட்டி அடைத்துவரும் அந்தக் கடனை விடப் பெரிதாக நிற்கிறது.

நீ சம்பாதிக்கும் பணம். அதை எப்படிச் செலவு செய்ய வேண்டும் என்று நான் இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. இதில் மட்டும் சொல்கிறேன். ஏனென்றால் இது எனக்காகச் செய்யும் செலவு, அதுவும் ஃபுட்பாலுக்காக.

ஃபைனல் என்றால் என்ன என்று தெரியாமல் நான் பேசவில்லை. 2018 மார்ச் 17 ஞாபகம் இருக்கிறதா? உனக்குக் காலேஜ் கடைசி வருஷம். பெங்களூர் கண்டீரவா மைதானத்தில் சென்னையின் எஃப்சிக்கும் பெங்களூரு எஃப்சிக்கும் இந்தியன் சூப்பர் லீக் ஃபைனல். காலையில் பிருந்தாவன் எக்ஸ்பிரஸ் பிடித்தோம். அம்மா கட்டிக்கொடுத்த எலுமிச்சை சாதத்தில் பாதியை அரக்கோணம் தாண்டுவதற்குள் நீ காலி செய்துவிட்டாய். உள்ளே போய் உட்கார்ந்து மூச்சு விடவில்லை, 9-வது நிமிஷமே பெங்களூருவின் சேத்ரி தலையால் முட்டி கோல் போட்டார். மைதானம் முழுக்க அவர்கள் ஆட்கள். அந்தச் சத்தத்தில் எனக்கு நெஞ்சு அடைத்தது. நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் டைம் இருக்குப்பா" என்றாய். 17-வது நிமிஷம் கார்னர் பந்து, நம் மெயில்சன் ஆல்வெஸ் தலை. இடைவேளைக்குச் சற்று முன்னால் மறுபடியும் கார்னர், மறுபடியும் அதே தலை. அப்புறம் நம் ரஃபேல் அகுஸ்டோ ஒன்று. கடைசியில் அவர்கள் ஒன்றைத் திருப்பினார்கள், 3-2 என்று முடிந்தது.

நமக்குப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தாரே, வியாசர்பாடி ஆட்டோக்காரர். நண்பர்களோடு வேன் பிடித்து வந்திருந்தார். மீதி எலுமிச்சை சாதத்தை அவரோடு பங்கு போட்டோம். மூன்றாவது கோல் விழுந்தபோது என் முதுகில் ஓர் அடி அடித்தார், இரண்டு நாள் வலித்தது. ஆட்டம் முடிந்து மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தோம். தொண்டை போய் உனக்குப் பேச்சே வரவில்லை, கையால் ஜாடை காட்டித்தான் டீ கேட்டாய். டிக்கெட், ரயில், பஸ், டீ, பன் எல்லாம் சேர்த்து நம் இரண்டு பேருக்கும் மூவாயிரம் தாண்டவில்லை. அந்த ஆட்டோக்காரரும் தன் கைக்காசில்தான் வந்திருந்தார். அவர் வர முடிந்ததால்தான் அந்த ராத்திரி அப்படி இருந்தது.

நீ பிறப்பதற்கு முன்னால், 1994-இல், இதே அமெரிக்காவில் உலகக் கோப்பை நடந்தது. பிரேசிலுக்கும் இத்தாலிக்கும் ஃபைனல், நமக்கு ராத்திரி ஒரு மணிக்கு ஆரம்பம். பக்கத்து வீட்டு டிவியை வாசல் திண்ணைக்குக் கொண்டுவந்து வைத்து, தெருவே உட்கார்ந்து பார்த்தோம். கடைசிப் பெனால்டியில் இத்தாலியின் பாஜியோ பந்தை மேலே தூக்கி அடித்ததும் யாரோ பட்டாசு கொளுத்த, தூங்கிக்கொண்டிருந்த கிழவிகள் எல்லாம் எழுந்து திட்டினார்கள். கலிபோர்னியாவில் ரோஸ் பௌல் மைதானத்தில் அன்று 94,000 பேருக்கு மேல் இருந்தார்கள். மிக உசத்தியான டிக்கெட்டே 475 டாலர்தான். இந்தத் தடவை மிக உசத்தி 8,680 டாலர். முப்பத்திரண்டு வருஷத்தில் விலைவாசி ஏறும்தான், எல்லாமே ஏறியிருக்கிறது. ஆனால் பதினெட்டு மடங்கா?

கத்தாரையே எடுத்துக்கொள். 2022 ஃபைனலுக்கு வெளிநாட்டு ரசிகருக்கு மிக மலிவான மூன்றாம் பிரிவு டிக்கெட் 604 டாலர், உசத்தி 1,607. நான்கு வருஷத்தில் மூன்றாம் பிரிவு ஏறத்தாழ ஏழு மடங்கு ஆகிவிட்டது. அங்கே குடியிருந்தவர்களுக்கு லீக் ஆட்ட டிக்கெட் 40 ரியாலுக்குக் கிடைத்தது. உன் பெரியம்மா மகன் தோஹாவில் எலக்ட்ரீஷியன் வேலையில் இருந்தானே, அவனும் ரூம்மேட்டுகளும் ஷிஃப்ட் முடித்து யூனிஃபார்மோடு போய்ப் பார்த்தார்கள். அங்கிருந்து அனுப்பிய போட்டோ இன்னும் என் போனில் இருக்கிறது. ஆள் கறுத்து இளைத்துப் போயிருந்தான், ஆனால் அப்படி ஒரு சிரிப்பை அவன் முகத்தில் அதற்கு முன் நான் பார்த்ததில்லை. நம் சொந்தத்தில் உலகக் கோப்பையை நேரில் பார்த்த ஒரே ஆள் அவன். நாற்பது ரியாலில்.

இந்த விலையை எப்படி வைக்கிறார்கள் என்று நீ அனுப்பிய செய்திகளை எல்லாம் ஒன்று விடாமல் படித்தேன். அமெரிக்கா, கனடா, மெக்ஸிகோ மூன்றும் சேர்ந்து இந்தப் போட்டியை நடத்தக் கேட்டபோது கொடுத்த விண்ணப்பத்தில் ஃபைனலின் உச்ச விலையே 1,550 டாலர் என்று இருந்ததாம். போன செப்டம்பரில் 6,730 என்றார்கள். டிசம்பரில் 8,680. கேட்பவர்கள் கூடக் கூட விலையை ஏற்றும் முறையை உலகக் கோப்பையில் முதல் தடவையாகக் கொண்டுவந்திருக்கிறார்கள். இந்த முறை நமக்குப் புதுசா? பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவனிடம் ஆம்னி பஸ்ஸில் கேட்கும் கட்டணம் இதே கணக்குதான். அவன் போகாமல் இருக்க மாட்டான் என்று தெரிந்து கேட்பது. அங்கேயாவது வருஷா வருஷம் அரசாங்கம் எச்சரிக்கை விடுகிறது, கூடுதலாகக் கேட்டால் புகார் சொல்ல ஓர் எண் தருகிறது.

டிக்கெட்டை மறுபடி விற்கும் இடத்தையும் உலகக் கோப்பையை நடத்தும் ஃபிஃபாவே நடத்துகிறது. விற்பவரிடம் 15 சதவீதம், வாங்குபவரிடம் 15 சதவீதம். ஒரு டிக்கெட் 10,000 டாலருக்குக் கைமாறினால் 3,000 டாலர் அவர்களுக்கு. அந்த டிக்கெட்டுக்கு ஏற்கெனவே ஒருமுறை விலை வாங்கிவிட்டார்கள்! மெக்ஸிகோவில் மட்டும் வாங்கிய விலைக்கு மேல் விற்க முடியாது. அங்கே முடிகிற காரியம் உன் ஊரில் ஏன் முடியவில்லை என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

ரசிகர்கள் சும்மா இருக்கவில்லை. டிசம்பரில் ஐரோப்பிய ரசிகர் அமைப்பு இதைப் பெரிய துரோகம் என்றே சொன்னது. சில நாளிலேயே எல்லா ஆட்டத்துக்கும், ஃபைனலுக்கும் சேர்த்து, 60 டாலர் டிக்கெட் உண்டு என்று ஃபிஃபா அறிவித்தது. படித்ததும் நானும் துள்ளினேன். பிறகுதான் முழுசாகப் பார்த்தேன். ஆடும் ஒவ்வொரு நாட்டின் சங்கத்துக்கும் மைதானத்தில் 8 சதவீத இடம், அதிலும் பத்தில் ஒரு பங்குதான் 60 டாலருக்கு. எண்பதாயிரம் பேர் உட்காரும் இடத்தில் ஒரு நாட்டுக்குச் சில நூறு பேர். இந்தியா ஆடவில்லை, நமக்கு அந்த வரிசையே கிடையாது. அந்தச் சில நூறு பேருக்காவது கிடைக்கிறதே, அது அவர்கள் சண்டை போட்டு வாங்கியது. அதில் எனக்குச் சந்தோஷம்தான்.

ஃபிஃபா தலைவர் இன்ஃபான்டினோ சொல்லும் பதிலையும் படித்தேன். பதினைந்து நாளில் 15 கோடி டிக்கெட் கேட்டு வந்திருக்கிறது, இருப்பதோ அறுபது எழுபது லட்சம், வரும் பணம் உலகம் முழுக்க ஃபுட்பாலுக்கே திரும்பிப் போகிறது என்கிறார். பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஃபிஃபாவில் 211 சங்கங்கள் இருக்கின்றன, பல ஏழை நாடுகள் அந்தப் பணத்தில்தான் அணி நடத்துகின்றன. ஆனால் அந்த ஏழை நாட்டு அணி கஷ்டப்பட்டு உலகக் கோப்பைக்கு வந்துசேரும் போது அதன் ஆட்கள் வெளியே நிற்க வேண்டியிருக்கிறதே. ஹைட்டி 1974-க்கு அப்புறம் இப்போதுதான் வருகிறது. ஐம்பத்திரண்டு வருஷம்! அந்த ஊர் ரசிகர்களுக்கு அமெரிக்கா விசாவே இல்லை என்கிறது. இருந்தால்தான் என்ன, இந்த விலைக்கு எத்தனை பேர் வர முடியும்? முல்லை நகர் கிரவுண்டில் சாயங்காலம் வெறுங்காலோடு ஆடும் பையன்களைப் பார்க்கும்போது எனக்கு இதுதான் மனசில் ஓடுகிறது. வியாசர்பாடியை மினி பிரேசில் என்கிறார்கள். அந்தப் பையன்களில் ஒருவன் நாளைக்கு நன்றாகச் சம்பாதித்து, கடன் இல்லாமல் இருந்தாலும், அந்த மைதானத்து வாசலைத் தாண்ட முடியாது.

நீ ஏன் இதைச் செய்கிறாய் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ரிட்டயர் ஆன அன்று ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை வாசலில் மாலையோடு நின்றுகொண்டு, "ஒரு உலகக் கோப்பை மேட்ச் நேர்ல பாக்கணும்டா, அவ்வளவுதான் பாக்கி" என்று உன்னிடம் சொன்னேன். நான் மறந்துவிட்டேன், நீ மறக்கவில்லை. நேற்று போனை வைத்த பிறகு அம்மா அதை ஞாபகப்படுத்தினாள். கொஞ்ச நேரம் மாடியில் போய் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன். ஆனால் கண்ணா, நான் அன்று ஒரு மேட்ச் என்றுதான் சொன்னேன். ஃபைனல் என்று சொல்லவில்லை.

எனவே அப்பா சொல்வதைக் கேள். விண்ணப்பத்தை 13-ஆம் தேதி வரை மாற்றலாம் என்று நீதான் சொன்னாய். ஃபைனலை எடுத்துவிடு. அதே மெட்லைஃபில் ஜூன் 13 சனிக்கிழமை பிரேசிலுக்கும் மொராக்கோவுக்கும் ஆட்டம். அதற்குப் போடு. விலை இதில் ஒரு சிறு பங்குதான். அது விழாவிட்டால் 19-ஆம் தேதி பிலடெல்ஃபியாவில் பிரேசிலும் ஹைட்டியும், ஜெர்சி சிட்டியிலிருந்து ரயிலில் போய் வந்துவிடலாம் இல்லையா? மேலே கடைசி வரிசை என்றாலும் எனக்குச் சம்மதம், கண் இன்னும் நன்றாகத்தான் தெரிகிறது. எனக்கு வேண்டியது அந்த மஞ்சள் சட்டைக்காரர்கள் பாட்டுப் பாடிக்கொண்டு உள்ளே வருவதைப் பார்ப்பது, பக்கத்தில் நீ இருப்பது. இரண்டும் விழாமல் போனால் உன் வீட்டில் உட்கார்ந்து டிவியில் பார்ப்போம். ஃபைனலையும் அப்படியே பார்ப்போம். மிச்சமாகும் பணத்தில் கடனை முடி. குலுக்கலில் வரவில்லை என்று மறுவிற்பனைப் பக்கம் மட்டும் போகவே கூடாது. இதை நான் கேட்டுக்கொள்ளவில்லை, கண்டிப்பாகச் சொல்கிறேன்.

விமான டிக்கெட்டை நானே எடுத்துக்கொள்கிறேன். பி.எஃப். பணத்தில் இதற்கென்று எடுத்து வைத்திருக்கிறேன், நீ அதில் தலையிடாதே. அம்மாவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். அவளுக்கு மேட்ச் வேண்டாமாம், உன் சமையலறையைப் பார்க்க வேண்டுமாம். நீ தினமும் என்னதான் சாப்பிடுகிறாய் என்று நேரில் பார்த்தால்தான் நிம்மதி என்கிறாள்.

பீரோவில் கண்டீரவாவுக்குக் கட்டிக்கொண்டு போன நீலத் துண்டு கிடைத்தது. ஓரத்தில் மஞ்சள் கறை, அந்த எலுமிச்சை சாதம்தான். துவைத்தும் போகவில்லை. என் பாஸ்போர்ட் காலாவதியாகி ஒன்றரை வருஷம் ஆகிறது, இப்போதுதான் பார்த்தேன். புதன்கிழமை அமைந்தகரை ஆபீசுக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். பழைய பாஸ்போர்ட்டின் ஜெராக்ஸ் போதுமா, அசலையும் கொண்டுபோக வேண்டுமா என்று விசாரித்துச் சொல். விண்ணப்பத்தை மாற்றியதும் அதையும் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அப்பா