உரியவரிடம் சொல்லப்படாத உண்மை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘உள்ளதை உள்ளபடி சொல்கிறேன், யாரும் வருத்தப்படக் கூடாது’ என்ற பீடிகையோடு ஒருவருடைய குறையைப் பலர் முன்னிலையில் எடுத்துப் பேசும் வழக்கம் நம் திருச்சபைக் கூட்டங்களில் வேரூன்றிவிட்டது. அதைக் குறித்துக் கிறிஸ்தவ வாசகர்களோடு சிலவற்றைப் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

அப்படிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் துணைக்கு அழைப்பது எபேசியர் 4:15. பழைய மொழிபெயர்ப்பில் அந்த வசனம் ‘அன்புடன் சத்தியத்தைக் கைக்கொண்டு’ என்று தொடங்கி, கிறிஸ்துவுக்குள் நாம் வளருவதைப் பற்றிப் பேசுகிறது. சத்தியத்தைச் ‘சொல்லி’ என்றுகூட அங்கே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஆனால் குறை பேசப்பட்ட பிறகு, கேட்டவர் வளர்ந்தாரா, சொன்னவராவது வளர்ந்தாரா என்று நம்மில் எவரும் விசாரிப்பதில்லை.

குற்றம் செய்த சகோதரனிடம் போய், ‘நீயும் அவனும் தனித்திருக்கையில்’ அதை உணர்த்தும்படி மத்தேயு 18:15 கூறுகிறது. அவன் கேளாவிட்டால் இரண்டொருவரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். சபைக்குத் தெரிவிப்பது அதற்கும் பிறகுதான். நம்மிடையே இந்த வரிசை தலைகீழாக நடக்கிறது. ‘இன்னார் குடும்பத்துக்காகப் பாரத்தோடு ஜெபியுங்கள்’ என்று முதலில் அது ஜெபக்குறிப்பாக வருகிறது, பிறகு வாட்ஸ்அப் குழுவில் விவரங்களோடு வளர்கிறது, சம்பந்தப்பட்டவரின் காதுக்குக் கடைசியில்தான் எட்டுகிறது. தாவீது அரசன் குற்றம் செய்தபோது நாத்தான் தீர்க்கதரிசி ஊராரிடம் போகவில்லை, தாவீதிடமே போனார். ஏழையின் ஆட்டுக்குட்டியைப் பற்றிச் சொல்லி, அரசன் தன் வாயாலேயே தீர்ப்புக் கூறும்வரை பொறுத்திருந்தார். அதன் பிறகு ‘நீயே அந்த மனுஷன்’ என்று அவர் சொன்னதில் தண்ணீர் கலந்த ஒரு சொல்லும் இல்லை.

இதே தவற்றை நானும் செய்திருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சேகரக் கமிட்டிக் கூட்டத்தில், பொருளாளர் கவனக்குறைவால் விட்டிருந்த கணக்குப் பிழையை எல்லார் எதிரிலும் சுட்டிக்காட்டினேன். பிழை உண்மையானதுதான், கணக்கும் திருத்தப்பட்டது. ஆனால் அவர் அதன் பிறகு கமிட்டிக்கு வரவேயில்லை. முந்தின நாள் மாலை அவர் வீட்டுக்குப் போய், காப்பி குடித்துக்கொண்டே அதைச் சொல்லியிருக்கலாம். வீடு இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது.

இதை வாய்மூடச் சொல்லும் வாதமாக எவரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு, அதாவது யூதரல்லாதவரோடு, உண்பதை விட்டு விலகியபோது, மற்றவர்களும் அதில் இழுபட்டதால், பவுல் எல்லாருக்கும் முன்பாகவே அவரைக் கண்டித்தார் என்று கலாத்தியர் நிருபம் கூறுகிறது. சபைப் பணத்தைக் கையாடுவதும் பிள்ளைகளுக்குத் தீங்கு செய்வதும் ‘தனியே பேசித் தீர்க்கும்’ காரியங்கள் அல்ல. அங்கே சாந்தம் பேசுவது குற்றவாளிக்குக் குடை பிடிப்பதாகும். நான் கூறுவது அன்றாடக் குறைகளையும் குடும்பச் சிக்கல்களையும் பற்றியே.

ஆகவே குருவானவர்களுக்கும் ஜெபக்குழுத் தலைவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மற்றவரைப் பற்றிய ஜெபக்குறிப்பை யாராவது கொண்டுவந்தால், அதைச் சபையில் வாசிப்பதற்கு முன், ‘அவரிடம் பேசினீர்களா?’ என்று கேட்டுப்பாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
பாளையங்கோட்டை.