பெரிய அத்தையிடம் கேட்ட காகிதம்

அன்பு மகனுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. போனில் பேசினால் நீ "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லி வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

நீ கட்டிக்கொள்ளப் போகிறவள் யூத மதத்துக்கு மாறுவதற்கான படிப்பு முடிகிறது, அடுத்த மாதம் மூன்று பேர் அமரும் பேத் தின் என்ற மத நீதிமன்றத்தின் முன்னால் போகப்போகிறாள், அப்புறம் மிக்வே என்ற சடங்குக் குளத்து நீரில் மூழ்கி எழுவாள் என்று எழுதியிருந்தாய். எல்லாம் நல்லபடி நடக்கட்டும். ஆனால் கடைசியில், "இதெல்லாம் முடிந்தாலும் உங்கள் கண்ணுக்கு அவள் யூதப் பெண்ணாகத் தெரிவாளா அப்பா?" என்று கேட்டிருக்கிறாயே, அதைப் படித்ததும் எனக்கு உன் பெரிய அத்தை ஞாபகம்தான் வந்தது.

அந்தக் கதை உனக்கு முழுதாகத் தெரியாது. அத்தை அதைப் பேசவே மாட்டாள். 1963-ல் அவளுக்கும் ஈராக்கிலிருந்து வந்த ஒரு பையனுக்கும் கல்யாணம் நிச்சயமாயிற்று. எனக்கு அப்போது எட்டு வயது. பம்பாயிலிருந்து நாங்கள் இஸ்ரேலுக்கு வந்து சில வருடங்களே ஆகியிருந்தன. பதிவு செய்யப் போன இடத்தில், நாங்கள் பெனே இஸ்ரேல், அதாவது கொங்கணத்து யூதர்கள், என்று தெரிந்ததும் குமாஸ்தா பேனாவைக் கீழே வைத்துவிட்டான். பெண்ணின் பாட்டி கல்யாணத்துக்குக் காகிதம் இருக்கிறதா, அவளுடைய அம்மா கல்யாணத்துக்கு இருக்கிறதா என்று கேட்டான்.

கொங்கணக் கடற்கரையில் செக்கு ஆட்டிய குடும்பத்தில் காகிதம் ஏது? கப்பல் உடைந்து ஏழு ஆணும் ஏழு பெண்ணும் நவ்காவ் பக்கம் கரையேறினார்கள், அவர்கள் வழியில் வந்தவர்கள் நாம் என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். புத்தகங்கள் கடலோடு போயின. மிஞ்சியது ஷெமா என்ற ஜெபம், விருத்தசேதனம், சனிக்கிழமை ஓய்வுநாள். ஊரார் எங்களுக்கு வைத்த பெயரே 'சனிவார் தேலி', சனிக்கிழமை செக்கு ஓட்டாத வாணியர். உன் தாத்தா அதைத்தான் சொன்னார். "ஊருக்கே தெரியும் ஐயா, வேண்டுமானால் எழுதிக் கேளுங்கள்" என்றார். "எழுத்தில் இருக்கிறதா?" என்று அவன் மறுபடி கேட்டான்.

ராபிகள் என்கிற நம் மதகுருமாரின் சந்தேகத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. விவாகரத்து, மறுமணம் பற்றி ராபிகள் வகுத்த சட்டம் தெரியாமல் நாங்கள் பல தலைமுறை வாழ்ந்தோம். அதனால் பிறப்பில் பிழை வந்திருக்கலாம், அந்நியக் கலப்பும் இருக்கலாம் என்பது அவர்கள் வாதம். சட்டப்படி யோசித்தால் புரிகிறது. பத்தொன்பது வயதுப் பெண் அழுவதைப் பார்த்தால் புரியவில்லை. எங்கள் ஆட்கள் எருசலேமில் போராடினார்கள். 1964 ஆகஸ்டில் பாராளுமன்றம் கூடி, பெனே இஸ்ரேல் எல்லா விதத்திலும் யூதர்களே என்று அறிவித்தது. முதல் நாள் வரை நாங்கள் யாராக இருந்தோமாம்? அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. குளிர்காலத்தில் அத்தையின் கல்யாணம் நடந்தது.

இப்போது உங்கள் விஷயம். யூதத் தாய்க்குப் பிறக்க வேண்டும், இல்லையென்றால் முறைப்படி மாற வேண்டும் என்பது பழைய சட்டம். அமெரிக்காவில் ரிஃபார்ம் என்ற தாராளப் பிரிவினர் 1983 முதல், யூதராக வளர்க்கப்பட்டால் தகப்பன் வழியையும் ஏற்கிறார்கள். இங்கே நிலைமை வேறு. ரிஃபார்ம் ராபிகளிடம் மாறினாலும் 1950-ம் வருடத்துத் திரும்பி வரும் உரிமைச் சட்டப்படி அவள் குடியேறலாம். ஆனால் இங்கே யூதர்களின் கல்யாணம் ராபிகள் கையில். அவர்கள் இந்த மாற்றத்தை ஏற்பதில்லை. நாளைக்கு உன் மகள் இங்கே கல்யாணம் செய்ய நினைத்தால், அத்தையிடம் கேட்டதை அவளிடமும் கேட்பார்கள். அவளும் மற்றவர்களைப் போல சைப்ரஸுக்குப் போய்ப் பதிவு செய்து வர வேண்டியிருக்கும். தெரிந்தே செய்யுங்கள்.

பழைய சட்டத்தைக் கறாராகப் பின்பற்றும் ஆர்த்தடாக்ஸ் பேத் தின் முன்னால் மாறினால் நல்லது என்ற ஆசை எனக்கு உண்டு, மறைக்கவில்லை. ஆனால் அங்கே போனால் ஓய்வுநாளைக் கடைப்பிடிப்பேன் என்று அவள் வாக்குக் கொடுக்க வேண்டும். சனிக்கிழமை காரை எடுத்துக்கொண்டு கடைக்குப் போகிற நீ எந்த முகத்தோடு அதை அவளிடம் கேட்பாய்?

நம் சட்ட நூலான தல்மூத்தில் ஒரு இடம் உண்டு. மாற வருகிறவரிடம் முதலில், "இஸ்ரவேலர் இன்று நெருக்கப்பட்டும் துன்பப்பட்டும் கிடப்பது தெரியாதா?" என்று கேட்க வேண்டும். "தெரியும், அதற்கும் நான் தகுதியில்லை" என்று சொன்னால் உடனே சேர்த்துக்கொள்ள வேண்டும். அங்கே பாட்டியின் காகிதத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. இன்னொரு இடத்தில், மாறியவரின் பிள்ளையிடம் "உன் முன்னோர் செய்ததை நினைத்துப் பார்" என்று சொல்லக்கூடாது என்று தடையே இருக்கிறது. எங்கள் குமாஸ்தாவுக்கும் இது தெரிந்திருக்கும். படித்தவன்தான்.

வேதத்தில் வரும் ரூத்தும் தன் மாமியார் நகோமியிடம் "உம்முடைய ஜனம் என்னுடைய ஜனம்" என்றுதான் முதலில் சொன்னாள். "உம்முடைய தேவன் என்னுடைய தேவன்" என்பது அதற்கு அடுத்துத்தான் வருகிறது. மோவாப் தேசத்துப் பெண், தாவீது ராஜாவின் தகப்பனுக்குப் பாட்டி. கேள்வியை என்னிடம் கேட்டாய், பதிலும் சொல்லிவிடுகிறேன்: தெரிவாள். அவளிடம் மட்டும் இப்படி ஒரு கேள்வியைக் கேட்டுவிடாதே.

கெதுபா என்ற கல்யாண ஒப்பந்தத்தில் உன் பெயருக்குப் பின்னால் என் பெயர் வரும். அவள் பெயருக்குப் பின்னால் 'நம் தகப்பன் ஆபிரகாமின் மகள்' என்று எழுதுவார்கள். எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

கல்யாணத்துக்கு முன் நம் வீட்டில் எலியா தீர்க்கதரிசிக்கு மலிதா படைக்க வேண்டும். அவலை நனைத்து வெல்லமும் தேங்காயும் சேர்ப்பது தன் வேலை என்று அத்தை இப்போதே சொல்லிவிட்டாள். எண்பது தாண்டியும் அந்தப் பாத்திரத்தை யாரையும் தொட விடுவதில்லை. உன் கடிதத்தை அவளுக்கும் படித்துக் காட்டினேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்று: அந்தப் பொண்ணு காரம் சாப்பிடுமா?

பதில் எழுது.

அப்பா